ஏற்காடு பக்கம் புரட்டாசிப் பூச்சியும் குருவியும்: நீங்க என்ன பாத்தீங்க?

நாகலூர்_காப்பி
செப்டம்பர் 12, இரவு 9.40

வணக்கம்ங்க. நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்ல ரைட்டரா இருக்கேன், 22 வருசமா மலைமேலதான் குடித்தனம். ஒரு விசயம் ரெண்டு வாரமா மனசுல ஓடிட்டே இருக்கு, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எங்க லைன் வீட்டு வாசல்ல ஆவணி மாசம் ஒரு எல்இடி லைட் மாட்டினேன். பாம்பு நடமாட்டம் இருக்குன்னு வீட்ல பயந்தாங்க, சரின்னு நல்ல வெள்ளை வெளிச்சமா 40 வாட்ஸ்ல ஒண்ணு வாங்கி மாட்டியாச்சு, ராத்திரி பூரா எரியும். மாட்டின மூணாம் நாள்லருந்து விடியக்காலைல சுவரு பூரா பூச்சிங்க. காஞ்ச இலை மாதிரி ஒண்ணு, மரப்பட்டை மாதிரி ஒண்ணு, வெத்தலைப் பச்சையில ஒண்ணு, இத்தனை வருசம் இந்த மலையில இருந்தும் இதுல முக்காவாசியை நான் பாத்ததே இல்லீங்க.

போன ஞாயித்துக்கிழமை அஞ்சே முக்காலுக்குக் கதவைத் தொறக்கறேன், செங்கல் நிறத்துல ரெண்டு உள்ளங்கையையும் சேத்து விரிச்ச அகலத்துக்கு ஒண்ணு ஒக்காந்திருக்கு. நாலு றெக்கையிலயும் முக்கோணமா கண்ணாடி வச்ச மாதிரி ஒரு இடம், அது வழியா பின்னால இருக்கற சுண்ணாம்புச் சுவரு தெரியுது. மேல் றெக்கை முனை பாம்பு தலையேதான். போன் எடுக்க உள்ள போனேன், திரும்பி வர்றதுக்குள்ள வால்காக்கை ஒண்ணு வந்து கவ்வி இழுத்துட்டு சில்வர் ஓக் மரத்துக்குப் போயிருச்சு. ஒரு றெக்கை மட்டும் சுத்திச் சுத்தி கீழ வந்து என் கால் கிட்ட விழுந்துச்சு.

அப்புறம்தான் கவனிச்சேன், வால்காக்கை மட்டும் இல்ல. கரண்ட் கம்பியில ரெண்டு கரிச்சான், வேலியில நாலஞ்சு கொண்டக்குருவி (கன்னத்துல சிவப்பு இருக்குமே அது), ஒரு குண்டுக்கரிச்சான், எல்லாம் சொல்லி வச்ச மாதிரி அந்த நேரத்துக்கு வந்து வரிசையா காத்திருக்குது. வெளிச்சம் வந்ததும் சுவத்துல இருந்து ஒவ்வொண்ணா பொறுக்குது. அன்னிக்கு வாசல் கூட்டினப்ப முறத்துல அள்ளினது பூரா றெக்கை. எண்ணினேன், 61.

அந்தப் பெருசு பேரு என்னங்க? இந்தப் பூச்சிங்க எல்லாம் முன்ன எங்க இருந்துச்சு? நான் லைட் போட்டு இழுத்து வந்து குருவிக்குத் தின்னக் குடுக்கறனா?

ஓமலூர்க்காரி
செப்டம்பர் 12, இரவு 10.25

அண்ணா, 61 றெக்கைய எண்ணினீங்கன்னு படிச்சதுமே உங்க மேல மரியாதை வந்துருச்சு. நான் ஓமலூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்துல சயின்ஸ் எடுக்கறேன், நாலு வருசமா ராத்திரியில வெள்ளை வேட்டியைத் திரை மாதிரி கட்டி, அதுல லைட் போட்டு, வந்து ஒக்கார்ற அந்துப்பூச்சி பாக்கறேன்.

நீங்க பாத்தது அட்லஸ் அந்துப்பூச்சி வகை. நம்ம தென்னிந்தியாவுலயும் இலங்கையிலயும் இருக்கறது அட்லஸோட ரொம்ப நெருங்கின சொந்தம், டாப்ரோபானிஸ்னு சொல்லுவாங்க, பாக்க கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். இதுக்கு வளந்தப்பறம் சாப்பிட வாயே கிடையாது. புழுவா இருக்கறப்ப தின்னு சேத்த கொழுப்புதான் மொத்த சீவனம், அதை வச்சு ஒரு வாரம் பத்து நாள் ஓட்டும். அதுக்குள்ள சோடி சேந்து முட்டை வைக்கணும். பொண்ணு பூச்சி ஒரு இடத்துல ஒக்காந்து வாசனை விடும், ஆம்பளைப் பூச்சி சீப்பு மாதிரி இருக்கற மீசையால அதை மோந்து ரொம்ப தூரத்துல இருந்து தேடி வரும்.

இப்ப உங்க கடைசிக் கேள்வி. ஆமாங்கண்ணா, லைட்தான் இழுத்துருக்கு. மொத்தமா பத்து ராத்திரிதான் அதுக்கு இருக்கு, அதுல ரெண்டு மூணு ராத்திரி உங்க சுவத்துல ஒக்காந்தே போயிருது. சொல்ல மனசு கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா கேட்டீங்க.

அடிவாரம்_பைக்
செப்டம்பர் 13, காலை 7.02

டீச்சர் ஒரு டவுட். வருசா வருசம் பேப்பர்ல அபூர்வ பாம்புத்தலை பட்டாம்பூச்சின்னு போட்டோ வருதே அது இதுதானா, நிஜமாவே அபூர்வமா? எங்க பாட்டி வேற அது மேல இருக்கற பவுடர் கண்ணுல பட்டா கண்ணு போயிரும்னு கிட்டவே விட மாட்டாங்க. அப்புறம் அது ஏன் லைட்டுக்கு வருது, நிலான்னு நெனச்சு வருதுன்னு எங்கயோ படிச்சேன்.

ஓமலூர்க்காரி
செப்டம்பர் 13, மதியம் 1.15

லஞ்ச் பிரேக்ல டைப் பண்றேன், நீளமா போகும் பொறுத்துக்கோ தம்பி.

பேப்பர்ல வர்றது இதுதான். பட்டாம்பூச்சி இல்ல, அந்துப்பூச்சி. அபூர்வம்னு சொல்ல முடியாது, ராத்திரியில காட்டுக்குள்ள திரியறதால நம்ம கண்ணுல படறது குறைச்சல், அவ்வளவுதான். இந்தியாவுல பட்டாம்பூச்சி 1,300 வகைக்குக் கொஞ்சம் மேல, அந்துப்பூச்சி 10,000க்கும் மேல. பகல்ல பாக்கறதைவிட ராத்திரி கூட்டம் எத்தனை மடங்கு பெருசுன்னு யோசிச்சுப் பாரு.

பவுடர்னு பாட்டி சொல்றது செதில். மீனுக்கு இருக்கற மாதிரி, ரொம்பச் சின்னதா, ஓடு வேஞ்ச மாதிரி வரிசையா அடுக்கியிருக்கும், அதுதான் கலரே. கண்ணு போகாது. கம்பளிப்பூச்சி முடி பட்டா அரிக்கும், அது நெசம், பாட்டி அதையும் இதையும் சேத்துச் சொல்லியிருப்பாங்க. ஆனாலும் றெக்கையைப் புடிக்காத, செதில் உதுந்தா அதுக்குத்தான் நஷ்டம்.

நிலான்னு நெனச்சு வருதுங்கறது ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்த கணக்கு. 2024ல ஹைஸ்பீடு கேமரா வச்சு பறக்கறதைப் படம் புடிச்சுப் பாத்ததுல வேற மாதிரி தெரிஞ்சுது. ராத்திரியில பறக்கற பூச்சிக்கு எது மேல எது கீழன்னு தெரியறது வானத்தோட வெளிச்சத்தை வச்சுத்தான். தரையைவிட வானம் எப்பவும் கொஞ்சம் வெளுப்பா இருக்கும், அந்தப் பக்கம் முதுகைக் காட்டிட்டே பறந்தா நேரா போகும். லட்சக்கணக்கான வருசமா அது தப்பினதே இல்ல. இப்ப நடுவுல ஒரு பல்பு. பக்கவாட்டுல போனா பல்பு பக்கம் முதுகைத் திருப்பும், பாதை வளைஞ்சு சுத்த ஆரம்பிக்கும். பல்புக்கு மேல போச்சுன்னா முதுகு கீழ் பக்கம் திரும்பி தலைகீழா கவுந்து விழும். அது ஆசைப்பட்டு வரலப்பா, மேல கீழ தெரியாம மாட்டிக்குது. நம்ம ஊர்ல விட்டில் பூச்சி விளக்குல விழறதை எத்தனை பாட்டுல எத்தனை விதமா சொல்லியிருக்காங்க, அந்தப் பாவப்பட்டது வழி தெரியாமத்தான் விழுந்திருக்கு.

மூக்கனேரி_நடை
செப்டம்பர் 14, காலை 10.50

பூச்சி எனக்குத் தெரியாது, குருவிக்கு நான் வர்றேன். ரிட்டயர் ஆகி எட்டு வருசமா கன்னங்குறிச்சி மூக்கனேரியில காலை நடை, நோட்டும் பைனாகுலரும் கையில இருக்கும், இபேர்ட்ல (பாத்த பறவையைப் பதியற இணையதளம்) லிஸ்ட் போட எம்பொண்ணு சொல்லிக் குடுத்தா.

நாகலூர்த் தம்பி, உங்க வாசல்ல இப்ப வர்றது எல்லாம் உள்ளூர்க் குருவிங்க. இனிமேதான் வெளியூர்க் கூட்டம் வரும். நம்ம ஊர்ல இலையுதிர் காலம்னு ஒண்ணு கிடையாது, கார் முடிஞ்சு கூதிர் தொடங்கறதுதான் கணக்கு, ஆனா வடக்கே இமயமலைக்கு அந்தப் பக்கம் குளிர் ஆரம்பிச்சது நமக்கு மூக்கனேரிக் கரையிலயே தெரிஞ்சுரும். முதல்ல வர்றவர் கருஞ்சாம்பல் வாலாட்டி, ஆவணி கடைசியிலயே ஏற்காட்டு ஓடைக் கல்லு மேல வாலை மேலயும் கீழயும் ஆட்டிட்டு நிப்பார், அடிவயிறு மஞ்சள். அப்புறம் தகைவிலான், ஓமலூர் ரோட்டுக் கம்பியில வரிசையா ஒக்காந்துருக்கும், நான் இந்த வருசம் முதல்ல பாத்தது செப்டம்பர் 6. நீலவால் பஞ்சுருட்டான் ஏரி மேல வந்தாச்சு. பழுப்புக் கீச்சான் நேத்து வந்தது. ஏரியில மண்ணைக் குவிச்சு திட்டு திட்டா ஆக்கி மரம் வச்சாங்களே, அதுல மூணாவது திட்டுக்கு எதுக்க ஒரு வேலிமுள்ளு புதர், போன வருசமும் முந்தின வருசமும் அதே புதர்லதான் கர்ர் கர்ர்னு கத்திட்டு இருந்தது. வளையம் மாட்டிப் பாக்காம அதே குருவின்னு நான் சத்தியம் பண்ண முடியாது, ஆனா கீச்சான் வருசா வருசம் அதே இடத்துக்குத் திரும்பி வர்ற சாதி, அதனால நான் அதேதான்னு நம்பறேன், காலைல போனதும் முதல்ல அங்கதான் பாப்பேன்.

இதெல்லாம் போக, காதுல மட்டும் மாட்டற ஒண்ணு இருக்கு. எந்தப் புதருக்குள்ள இருந்தாவது டக்... டக்... டக்னு ரெண்டு கூழாங்கல்லைத் தட்டற மாதிரி சத்தம் வந்தா அது பிளைத் நாணல் கதிர்க்குருவி. பத்துப் பன்னெண்டு கிராம்தான் எடை, மத்திய ஆசியாவுல இருந்தும் அதுக்கு மேக்க இருந்தும் வருது. பாக்க மண்ணு நிறம், ஒரு அழகும் சொல்ல முடியாது, ஆனா அந்த டக் சத்தம் முதல் நாள் கேக்கறப்ப எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

கேள்விக்கு வர்றேன். இத்தனை குருவியும் இங்க வர்றது பூச்சிக்குத்தான். நெல்லு கம்பு தின்னற குருவி இதுல ஒண்ணுகூட இல்ல. புரட்டாசி மழைக்குத் தளிர் விடுது, தளிருக்குப் புழு, புழுவுக்குக் குருவி. சுவத்துல இருக்கறதைக் குருவி தின்னறது குத்தம் இல்லீங்க, ஆனா ராத்திரி பூரா மலையைச் சுத்தி முட்டை வைக்க வேண்டிய பூச்சி ஒரே சுவத்துல குவிஞ்சு நாலு உள்ளூர்க் குருவிக்கு மட்டும் போச்சுன்னா, அடுத்த மாசம் வர்ற விருந்தாளிக்குப் புழு எங்கிருந்து வரும்?

நாகலூர்_காப்பி
செப்டம்பர் 14, இரவு 8.30

சார் கடைசி வரி படிச்சுட்டு எழுந்து போய் லைட்டை நிறுத்திட்டு வந்து டைப் பண்றேன். வீட்ல பாம்புக்கு என்ன பண்றதுன்னு கேக்கறாங்க, அது நியாயமான கேள்விதான். யாராவது வழி சொல்லுங்க.

ஓமலூர்க்காரி
செப்டம்பர் 14, இரவு 8.52

ஆள் நடந்தா மட்டும் எரியற சென்சார் லைட் கிடைக்குதுங்கண்ணா, எங்க வீட்ல அதான். வெள்ளைக்குப் பதிலா மஞ்சள் பல்பு போடுங்க, பூச்சிக்கு நீலமும் அதைத் தாண்டின ஊதாவும்தான் ரொம்பப் படும், மஞ்சள் அவ்வளவா படாது. மேல தகர மூடி வச்சு வெளிச்சம் தரைக்கு மட்டும் விழற மாதிரி பண்ணுங்க. பாம்பு தரையிலதான வரும்.

அரளித்தோட்டம்
செப்டம்பர் 16, காலை 5.48

எல்லாருக்கும் வணக்கமுங்க, பனமரத்துப்பட்டியில அரளி போட்டிருக்கறவன். நீங்க பூச்சியக் காப்பாத்தப் பேசறீங்க, எனக்கு வேற கவலை. ஆயுத பூசை வருது, இந்தப் பதினஞ்சு நாள்தான் பூவுக்கு வெலை. விடியுமுன்ன நெத்தியில டார்ச் கட்டிட்டு மொட்டு பறிக்கறப்ப பாத்தா கொழுந்து எலையெல்லாம் கடிச்சுருக்கு, குச்சி மட்டும் நிக்குது. வெரல் மொத்தத்துல பச்சைப் புழு, பின்னால கொம்பு, தலைக்குக் கிட்ட நீலமா ரெண்டு கண்ணு. தொட்டா தலைய உள்ள இழுத்துட்டு அந்த நீலக் கண்ணை முறைச்சுக் காட்டுது, கூலிக்கு வந்த பொண்ணு பயந்து கூடையப் போட்டுருச்சு. அரளி எலைய ஆடு கூட மோந்துட்டுப் போயிரும், வெசம், இது எப்படித் திங்குது? மருந்துக் கடையில கேட்டா ஒரு பாட்டிலைக் குடுக்கறாங்க, அடிக்கலாமுங்களா?

ஓமலூர்க்காரி
செப்டம்பர் 16, மாலை 5.20

அரளி அந்துப்பூச்சியோட புழுங்க அது. அரளி, நந்தியாவட்டை இதுதான் அதோட சாப்பாடு, அந்த வெசத்தைத் தாங்கற உடம்போடவே பொறக்குது. கண்ணு மாதிரி தெரியறது பொய்க்கண்ணு, குருவியை மிரட்ட. இன்னும் ரெண்டு மூணு நாள்ல பச்சை மங்கி பழுப்பாகி, செடியில இருந்து எறங்கி வந்து சருகுக்குள்ள கூட்டுப்புழு ஆயிரும், அதுக்கப்பறம் தின்னாது.

எத்தனை செடியில இருக்குன்னு எண்ணினீங்களா? அம்பது செடிக்கு ஒண்ணு ரெண்டுன்னா எதுக்கு மருந்து. மொட்டு பறிக்கறப்பவே டார்ச்ல தெரியும், எடுத்து வேலியோரம் இருக்கற பழைய அரளியில விட்டுருங்க.

இன்னொண்ணு சொல்லணும், உங்களுக்கு பப்பாளி இருக்கா? பப்பாளிப் பூவுல மகரந்தம் சேக்கறது பெரும்பாலும் இந்த அரளிப் பூச்சி சேந்த பருந்து அந்துப்பூச்சிக் கூட்டம்தான், சாயங்காலம் இருட்டற நேரத்துல வந்து நின்ன இடத்துலயே பறந்துட்டு நீள உறிஞ்சியை விடும். மரமல்லி, பவளமல்லி மாதிரி ராத்திரியில மணக்கற வெள்ளைப் பூவைத் தேடி வர்றதும் இதுங்கதான்.

அந்த 2024 ஆராய்ச்சி சொன்னேன்ல, அதுல ஒரு அதிசயம். கிட்டத்தட்ட எல்லாப் பூச்சியும் விளக்கைப் பாத்து நிலை தடுமாறுச்சு, தடுமாறாம நேரா பறந்து போன வெகு சிலதுல ஒண்ணு உங்க அரளிப் பூச்சி. பச்சையும் ரோசும் கலந்து, பட்டாளத்துச் சட்டை மாதிரி றெக்கை. பாத்தா போட்டோ போடுங்க.

அரளித்தோட்டம்
செப்டம்பர் 17, காலை 6.30

எண்ணிப் பாத்தேன் டீச்சர். 400 செடியில 19 புழு. எல்லாத்தையும் கெணத்து மேட்டு அரளிக்கு மாத்தியாச்சு, பாட்டிலைத் தொறக்கல. பப்பாளி வாய்க்காலோரம் ஆறு மரம் இருக்குது, காய் புடிக்குது, யார் புடிக்க வச்சாங்கன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. மாத்தி விட்ட இடத்துல காலைல ஒரு செம்போத்து நடந்துட்டு இருந்தது, அது எத்தனை எடுத்துச்சுன்னு தெரியல, எடுத்துட்டுப் போவட்டும்.

வாழப்பாடி_அக்கா
செப்டம்பர் 18, இரவு 9.10

நானும் ஒண்ணு சொல்றேங்க. எங்க ஊர் முக்குல ரெண்டு வருசம் முன்ன பெரிய கம்பத்துல ஆறு லைட் வச்சாங்க, வெளிச்சம் நல்லதுதான், பொம்பளைங்க பஸ் எறங்கி வர்றதுக்கு நிம்மதி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா எங்க குச்சிக்கிழங்குக் காடும் மக்காச்சோளக் காடும் அந்த முக்குல இருந்து கூப்புடு தூரம். ராத்திரி பத்து மணிக்கு கம்பத்தடியில போய் நின்னா மழை தூறுற மாதிரி பூச்சி கொட்டுது. மொத வருசம் புள்ளி ஆந்தை ரெண்டும், பக்கிக்குருவி (ராத்திரியில பறந்து பூச்சி புடிக்குமே அது) ஒண்ணும், வவ்வாலும் அதைச் சுத்தியே இருந்துச்சு. இந்த வருசம் கொட்டறதே கம்மியா இருக்கு. பூச்சி குறைஞ்சா நல்லதுதானன்னு வீட்டுக்காரர் சொல்றார், 2018ல கர்நாடகாவுல மொத மொதல்ல கண்டுபுடிச்ச படைப்புழு அடுத்து நம்ம பக்கம் வந்து மக்காச்சோளத்தை எப்படி நாசம் பண்ணுச்சுன்னு எங்களுக்குத் தெரியும், அதுவும் ஒரு அந்துப்பூச்சிதான், அதனால அவர் சொல்றதையும் தள்ள முடியல. ஆனா ஆந்தையையும் காணோமே. வெளக்கு எது கெட்ட பூச்சி எது நல்ல பூச்சின்னு பாத்தா புடிக்குது?

எரிப்பட்டுப் புழுவுக்கு ஆமணக்கு எலையும் குச்சிக்கிழங்கு எலையும் போடுவாங்க, அதுவும் அந்துப்பூச்சி சாதின்னு இதைப் படிக்கறப்பதான் ஞாபகம் வந்துச்சு, அட்லஸுக்கு ஒரு வகையில சித்தப்பா பெரியப்பா முறை ஆகும்னு நெனக்கிறேன், டீச்சர் சரியா?

ஓமலூர்க்காரி
செப்டம்பர் 18, இரவு 9.33

சரிதாங்கக்கா, ஒரே குடும்பம். கம்பத்து விசயம் நீங்க சொன்னதுதான் எனக்கும் கவலை. ஊராட்சியில எழுதிக் குடுத்து பத்து மணிக்கு மேல ஆறுல நாலை நிறுத்தச் சொல்லிப் பாக்கலாம், கடைசி பஸ் போனப்பறம். நான் மனு எழுதித் தர்றேன், கூட வர்றேன்.

நாகலூர்_காப்பி
செப்டம்பர் 22, மதியம் 2.40

நேத்து மகாளய அமாவாசை. டீச்சர் போன்ல சொல்லிக் குடுத்த மாதிரி செஞ்சோம். அமாவாசை, மேகமூட்டம், காத்து இல்ல, சாயங்காலம் லேசா தூறல் போட்டு நின்னிருந்துச்சு, இதுதான் நல்ல ராத்திரின்னாங்க. சாமி கும்புட்டு முடிச்சுட்டு எட்டு முழ வேட்டிய ரெண்டு காப்பிச் செடிக்கு நடுவுல கட்டி லைட் போட்டோம், ஏழரைக்குப் போட்டு பதினொண்ணுக்கு நிறுத்தியாச்சு. லைன்ல இருக்கற பசங்க எல்லாம் வந்துட்டாங்க. நோட்டுல 74 வகைன்னு குறிச்சிருக்கேன், பேர் தெரிஞ்சது ஒன்பது.

பத்தேகாலுக்கு வந்துச்சு பாருங்க. வெளிர் பச்சை, நிலா வெளிச்சத்தை நறுக்கி வச்ச மாதிரி, பின் றெக்கையில இருந்து ரெண்டு நீள வாலு ரிப்பன் மாதிரி முறுக்கிட்டுத் தொங்குது. ஒடம்பு வெள்ளைப் பஞ்சு. முன் றெக்கை விளிம்பு அரக்கு. பசங்க ஒருத்தரும் பேசல. நிலா அந்துப்பூச்சின்னு டீச்சர் போட்டோ பாத்துச் சொன்னாங்க, ஒதிய மரத்து எலையை இதோட புழு திங்குமாம், எங்க எஸ்டேட் எல்லையில வேலிக்கு நட்டது பூரா ஒதிய மரந்தான். இத்தனை நாள் அதை ஒண்ணுக்கும் உதவாத மரம்னு சொல்லிட்டு இருந்தோம்.

பதினொண்ணுக்கு லைட்டை நிறுத்திட்டோம். டீச்சர் சொன்னபடி வேட்டியில மிச்சம் இருந்ததை எல்லாம் மெதுவா உதறி, போகாததை ஒரு எலையில ஏத்தி, காப்பிச் செடிக்கு அடியில விட்டோம். காலைல கரிச்சான் கம்பியில வந்து ஒக்காந்து பாத்துச்சு. அரை மணி நேரம் இருந்துட்டு காப்பிக்குள்ள போய் வேட்டையாட ஆரம்பிச்சுருச்சு. வாசல்ல றெக்கை 3.

அடிவாரம்_பைக்
செப்டம்பர் 22, மாலை 6.05

அந்த வாலு எதுக்கு டீச்சர்? பறக்க இடைஞ்சலா இருக்காதா?

ஓமலூர்க்காரி
செப்டம்பர் 22, இரவு 7.40

வவ்வாலுக்குத்தான். வவ்வால் சத்தம் விட்டு, அது பட்டுத் திரும்பறதை வச்சுத்தான் இரையைக் கண்டுபுடிக்கும். பறக்கறப்ப அந்த வாலு சுழலும், எதிரொலி உடம்புல இருந்து வராம வாலு பக்கம் இருந்து வர்ற மாதிரி ஆயிரும், வவ்வால் வாலைக் கடிச்சுட்டுப் போயிரும், பூச்சி தப்பிச்சுரும். அமெரிக்காவுல இருக்கற இதோட சொந்தக்காரப் பூச்சியை வச்சு 2015ல சோதிச்சுப் பாத்துருக்காங்க. வால் அறுந்த நிலா அந்துப்பூச்சி கிடைச்சா அது ஒரு தடவை பொழச்சு வந்ததுன்னு வச்சுக்க.

மூக்கனேரி_நடை
செப்டம்பர் 29, காலை 11.15

கொடிக்கால் வாலாட்டி வந்தாச்சா யாராவது பாத்தீங்களா? ஏற்காடு காப்பித் தோட்டம்தான் அதுக்குப் புடிச்ச இடம். மத்த வாலாட்டி எல்லாம் வாலை மேல கீழ ஆட்டும், இது ஒண்ணுதான் இடுப்போட சேத்து பக்கவாட்டுல ஆட்டும். நெஞ்சுல ரெண்டு கறுப்புப் பட்டை. வெத்தலைக் கொடிக்கால்ல நிழலும் ஈரமும் இருக்கும், அங்க வந்து நடந்துட்டு இருந்ததாலதான் அந்தப் பேரு. சைபீரியா, சீனா, கொரியா பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு இங்க வருது.

1929ல தொடங்கின வெர்னே கணக்கெடுப்பு கிழக்குத் தொடர்ச்சி மலை பூரா பறவைக்காக நடந்தப்ப நம்ம ஏற்காடு இருக்கற சேர்வராயன் மலையும் அதுல இருந்துச்சு. அதுக்கு முன்ன 1820கள்லயே சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பி கொண்டு வந்துட்டார். அதனால அந்தக் கணக்கெடுப்புக்கு வந்தவங்க பாத்ததும் நாம பாக்கற மாதிரி பாதி காடு பாதி காப்பியா இருந்த மலைதான். அதை நெனச்சா எனக்குக் கொஞ்சம் தெம்பு, காப்பியும் குருவியும் ரொம்ப நாளா ஒத்துத்தான் வாழ்ந்துருக்குது, நெழல் மரம் இருக்கற வரைக்கும்.

நாகலூர்_காப்பி
செப்டம்பர் 29, இரவு 8.50

நெழல் மரம்னு சொன்னீங்க சார், அதுல எனக்கும் ஒரு அபிப்ராயம் இருக்கு. சில்வர் ஓக் நேரா வளரும், மிளகுக் கொடி ஏத்தலாம், வித்தா காசு, எல்லாம் சரி. ஆனா என் கண்ணுக்கு அதுல குருவி வந்து ஒக்காருதே தவிர மேயறதில்ல. அத்தி, நாவல், பலா நிக்கற பிளாக்லதான் சருகு மெத்தை மாதிரி கெடக்கும், கிளறினா பூச்சி. வாலாட்டி வந்தா அங்கதான் வரும், போன வருசம் பலா மரத்தடியிலதான் பாத்தேன். பாத்ததும் எழுதறேன்.

இன்னொண்ணு, காப்பி எலையில ஒரு பச்சைக் கொம்புப்புழு இருக்கும், களை எடுக்கறவங்க நசுக்கிருவாங்க. ஒண்ணை டப்பாவுல போட்டு வளத்தேன். நேத்துக் காலைல வெளிய வந்துச்சு, றெக்கை பூரா சாம்பல் பூசின மாதிரி மங்கலா இருந்துச்சு, ஒரு தடவை படபடன்னு நடுங்குச்சு, அவ்வளவுதான், சாம்பல் எல்லாம் டப்பாவுல கொட்டிருச்சு, றெக்கை கண்ணாடி ஆயிருச்சு. பகல்லயே வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுட்டு சன்னல் வழியா பறந்து போச்சு. டப்பா அடியில கொட்டின செதிலை வெரல்ல தொட்டுப் பாத்தேன், விபூதி மாதிரி இருக்கு.

அடிவாரம்_பைக்
அக்டோபர் 9, காலை 6.20

அவசரம். நான் மலைமேல ஒரு விடுதியில நைட் டூட்டி பாக்கறேன். வரவேற்பறையில பெரிய கண்ணாடி, ராத்திரி பூரா லைட். மூணு மணிக்கு டப்புன்னு சத்தம், வெளிய போய்ப் பாத்தா ஒரு குருவி கெடக்கு. முதுகு பச்சை, வயிறு வெளிர் மஞ்சள், வாலுக்கு அடியில நல்ல சிவப்பு, றெக்கையில நீலம் மின்னுது, கண்ணு வழியா கறுப்புப் பட்டை, மேல வெள்ளைப் புருவம். வாலே இல்லாத மாதிரி குட்டை. உசுரு இருக்கு, வாயைத் தொறந்து மூச்சு விடுது. என்ன பண்ண? தண்ணி ஊத்தட்டுமா?

மூக்கனேரி_நடை
அக்டோபர் 9, காலை 6.24

தண்ணி ஊத்தாத தம்பி, மூச்சுக்குழாயில போயிரும். அது ஆறுமணிக்குருவி. அட்டைப் பொட்டியில ஓட்டை போட்டு, அடியில துணி விரிச்சு, உள்ள வச்சு மூடிரு. இருட்டா, சத்தம் இல்லாத இடத்துல வை. யாரும் தொறந்து தொறந்து பாக்கக் கூடாது, போட்டோவும் வேண்டாம். றெக்கை தொங்குதா ரெண்டும் சமமா இருக்கான்னு மட்டும் ஒரு தடவை பாத்துச் சொல்லு. தொங்கினா வனத்துறைக்குச் சொல்லணும், கூண்டுல வச்சுக்கக் கூடாது.

அடிவாரம்_பைக்
அக்டோபர் 9, காலை 6.41

ரெண்டும் சமமா இருக்கு சார். ஸ்டோர் ரூம்ல வச்சுட்டேன்.

மூக்கனேரி_நடை
அக்டோபர் 9, காலை 7.30

நல்லது. விசயம் தெரியாதவங்களுக்காக எழுதறேன். இமயமலை அடிவாரத்துலயும் நடு இந்தியாவுலயும் கூடு கட்டிட்டு ஐப்பசி வாக்குல தெக்க வரும், ராத்திரியிலதான் பறக்கும். எடை அம்பது கிராம் சொச்சம். களைச்சுப் போய் எறங்கற நேரத்துல வெளிச்சத்தையும் கண்ணாடியையும் பாத்துக் குழம்பி முட்டிக்கும். டீச்சர் பூச்சிக்குச் சொன்னதும் இதுவும் ஒரே காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனா மாட்டிக்கற இடம் ஒண்ணுதான். காலைல ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் ரெட்டை விசில் அடிக்கும், அதனால அந்தப் பேரு. பொன்னுத்தொட்டான்னும் சொல்லுவாங்க, தோட்டக்கள்ளன்னும் சொல்லுவாங்க.

அடிவாரம்_பைக்
அக்டோபர் 9, இரவு 8.15

அஞ்சே முக்காலுக்கு விடுதிக்குப் பின்னால இருக்கற புதர்கிட்ட பொட்டியைக் கொண்டு போய் மூடியைத் தொறந்தேன். உடனே போகல. தலையை மட்டும் நீட்டிச் சுத்திப் பாத்துச்சு, குதிச்சு வெளிய வந்துச்சு, சருகுல நின்னு ரெண்டு தடவை அந்தக் குட்டை வாலை ஆட்டுச்சு, ஒரு எலையைப் புரட்டிப் போட்டுட்டு அடியில இருந்து எதையோ எடுத்து முழுங்குச்சு. அப்புறம் தத்தித் தத்திப் புதருக்குள்ள போயிருச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு டீச்சர்.

மேனேஜர்கிட்ட பேசினேன். பத்து மணிக்கு மேல திரையை இழுத்து விட்டுட்டு மேசை லைட் மட்டும் போதும்னு ஒத்துக்கிட்டார், இந்த மாசம் பூரா.

வாழப்பாடி_அக்கா
அக்டோபர் 12, இரவு 8.00

தம்பி நல்லா இருப்ப. நானும் டீச்சரும் மனு குடுத்துட்டோம், பாப்போம்னு சொல்லியிருக்காங்க. நேத்து உலகம் பூரா பறவை எண்ற நாளாமே, அக்டோபர் பிக் டேன்னு சார் சொன்னார், எங்க காட்டுல காலைல ஒரு மணி நேரம் நானும் பேத்தியும் எண்ணினோம், 23 வகை. மாங்குயில் ஒண்ணு வேப்பமரத்துல. பேத்தி சாயங்காலம் வரைக்கும் மஞ்சள் மஞ்சள்னு சொல்லிட்டே இருந்தா.

நாகலூர்_காப்பி
அக்டோபர் 16, காலை 6.35

சார், வந்தாச்சு. பலா மரத்தடியில, நீங்க சொன்ன ரெண்டு கறுப்புப் பட்டை, இடுப்பை அசைச்சு அசைச்சு நடக்குது, சருகு சத்தமே வராம நடக்குது. நான் இருபது அடியில நிக்கறேன், கண்டுக்கல. ராத்திரி மழைக்கு எல்லாம் நனைஞ்சு கெடக்கு, ஒவ்வொரு எலையா புரட்டுது. இப்ப ஒரு சின்னப் பழுப்பு அந்துப்பூச்சியை எடுத்துருக்கு, றெக்கையை உதறி எறிஞ்சுட்டு முழுங்கிருச்சு.

மேல வேலியோரம் ஒதிய மரம் பக்கம் இருந்து ரெட்டை விசில் சத்தம் ஒண்ணும் கேட்டுச்சு, அஞ்சு அம்பத்தி ரெண்டுக்கு.